துண்டு போட்ட திரை

தடாரென்று ஒரு சத்தம். பிறகு இரும்பு சிமெண்டில் உரசி நிற்கும் கீச்சொலி. அதற்கும் பிறகு, ஒரு சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஓசை.

செண்பகவல்லி தோளில் இருந்த பையை நழுவவிட்டாள். மதுரைக்குக் கிளம்பிய அவள், வரச் சொல்லியிருந்த ஆட்டோவுக்காகக் காதைத் தெருவில் வைத்துக்கொண்டு வீட்டுப் படியில் நின்றிருந்தாள். ஆட்டோ இப்படி வராது.

“யாரு?”

“நாந்தாம்ட்டி, எபி.” குரல் தரை மட்டத்திலிருந்து வந்தது. “வாசக்கதவ எதுக்குட்டி சாத்தி வச்சிருக்க?”

கைக்கோலால் தட்டிக்கொண்டே இறங்கிப் போனாள். கம்பிக் கதவு உள்பக்கமாக வளைந்திருந்தது. அதன் அடியில் ஸ்கூட்டர். ஸ்கூட்டரின் அடியில் எபநேசர், பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுடைய சிநேகிதன். தொட்டுப் பார்த்தாள். முழங்கை பிசுபிசுத்தது. மற்றபடி எலும்பெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

“ஆடு உள்ள வருதுன்னு இப்பத்தாம்ல சாத்துனேன். கண்ண வச்சுக்கிட்டு எங்க பாத்து வந்த?”

“பலகையப் பாத்துத்தான் வந்தேன். தெருமுனையில வரும்போதே ‘திறந்திருக்கிறது’ன்னு போட்டிருந்துச்சு. இந்தா, இப்பவும் அப்படித்தான் போட்டிருக்கு.”

பலகை இல்லாத வாசலே இல்லாத காலம் அது. வீட்டுக் கதவு, பேருந்தின் நெற்றி, ரயில்வே கேட், மருந்து பாட்டிலின் மூடி என்று எல்லாவற்றிலும் ஒரு சின்னத் திரை ஒட்டிக்கொண்டு, தன் நிலைமையைத் தானே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் கதிர்விழிக்காக.

கதிர்விழி என்பது கண்குழிக்குள் பொருத்தும் கோலிக்குண்டு அளவுக் கருவி. வெளிச்சத்தைப் பிடித்துப் புள்ளிகளாக்கிப் பார்வை நரம்புக்குள் அனுப்பும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூடச் சில மாதப் பயிற்சியில் ஓடவும் வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். புள்ளிகள் குறைவு என்பதால் கயிறு, முள், கம்பிக் கதவு மாதிரி மெல்லிய பொருள்கள் வெறும் நிழலாகத்தான் தெரியும். பலகையில் உள்ள எழுத்து மட்டும் கத்தியால் செதுக்கியதுபோல் பளிச்சென்று தெரியும். அதனால் கதிர்விழிக்காரர்கள் கதவை நம்புவதைவிடக் கதவின் பலகையை நம்பப் பழகியிருந்தார்கள்.

அதைத் தயாரித்த நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது. பார்வை இல்லாதவர்கள் குறையக் குறைய, அவர்களுக்காக இருந்தவையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் குரல் முதலில் போனது. லிப்டுகள் ஊமையாயின. நடைபாதையில் காலுக்குத் தட்டுப்பட்ட புடைப்பு ஓடுகளைப் பெயர்த்துவிட்டு வழவழவென்று கல் பதித்தார்கள். பாளையங்கோட்டையில் இன்னும் கைக்கோலோடு நடப்பவர்கள், அறுவைச் சிகிச்சை தாங்காத சில முதியவர்களும் நாற்பத்திரண்டு வயது செண்பகவல்லியும்தான்.

அவள் கேட்காமல் இல்லை. கதிர்விழி வைத்துக்கொள்ள இரண்டு முறை நிறுவனத்தின் மதுரை மையத்துக்குப் போய்வந்தாள். முதல் முறை சோதித்த டாக்டர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் குரல் காய்ந்திருந்தது. நரம்பு தகுதியில்லை என்றார். இரண்டாம் முறையும் அதே பதில். நிறுவனத்தின் இலவசத் திட்டம் இந்த வாரத்தோடு முடிகிறது. கடைசியாக ஒரு சோதனைக்கு இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு நேரம் கிடைத்திருந்தது. இன்று விட்டால் இனி எப்போதும் இல்லை.

எபநேசர் திண்டாடி எழுந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். காலையில் எழுந்ததிலிருந்தே இப்படித்தானாம். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் ‘செல்லலாம்’ என்று பார்த்து வண்டியை விட்டிருக்கிறான். பின்னால் இருந்தவர்கள் கத்தியதால் பிழைத்தான். அவன் மட்டும் இல்லை. கதிர்விழிக்காரர்கள் தப்பான பேருந்தில் ஏறுகிறார்கள், வராத லிப்டுக்குள் கால் வைக்கிறார்கள் என்று ஊர் ஊராகச் செய்தி வந்துகொண்டிருந்தது. எல்லாப் புகாரும் ஒரே மாதிரி. பலகை மாறிவிடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் எழுத்து மாறுவதில்லை.

‘மாறியதைக் கவனிக்காமல் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது’ என்று அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இதே கோளாறு வரக் கூடாது என்று எங்கோ பயந்து பயந்து எழுதியிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்பது உடனே தெரிந்துவிட்டது.

“உள்ள வா,” என்றாள். “பேச்சியப் பாக்கணும்.”

பேச்சி என்பது ஒரு திரைவாசிப்பான். கணினித் திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்குக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். செண்பகவல்லியும் எபநேசரும் அந்தோணிமுத்துவும் கல்லூரி முடித்த கையோடு எழுதத் தொடங்கியது. மூவருக்கும் பார்வை இல்லை. விடாமல் பேசுவதால் பேச்சி என்று பெயர் வைத்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது அவர்கள் வைத்த விதி. உலகம் முழுக்க உதவிக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் தினமும் சண்டையும் சிரிப்புமாக இருந்தது அந்த வேலை.

பிறகு கதிர்விழி வந்தது. ஒவ்வொருவராகப் பார்வை பெற்றார்கள், ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். அந்தோணிமுத்து இப்போது தூத்துக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் புகைப்படம் எடுக்கிறான். யாரையும் அவளால் குறை சொல்ல முடியவில்லை. திரையைக் கண்ணால் படிக்க முடிகிறவனுக்குத் திரைவாசிப்பான் எதற்கு? எபநேசர் மட்டும் பழைய பாசத்துக்காகச் சனிக்கிழமைகளில் சோதனைக்கு உட்கார்ந்தான். மீதி எல்லாம் அவள்தான். கணினிகளை இயக்கும் அடித்தள மென்பொருளை எவனோ எங்கோ மாற்றும்போதெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றி எழுதாவிட்டால் பேச்சி ஊமையாகிவிடுவாள். பேச்சி ஊமையானால் செண்பகவல்லியால் அரிசிகூட வாங்க முடியாது. ஓடுகிறவள் நிற்க முடியாத மாதிரி அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

போன வாரமும் அடித்தளம் மாறியது. அவசரமாகப் புதுப் பதிப்பு எழுதினாள். வேகத்துக்காக யாரோ ஒரு அன்பர் அனுப்பிய திருத்தத்தையும் சேர்த்தாள். எபநேசர் சோதித்து, எல்லாம் சரி என்றான். வெளியிட்டாள். அவளுடைய சொந்தக் கணினியை மட்டும் இன்னும் பழைய அடித்தளத்திலேயே, பழைய பேச்சியோடு வைத்திருந்தாள். புதியதில் ஊர் ஒரு வாரம் ஓடிப் பார்க்கட்டும் என்று காத்திருப்பது அவள் வழக்கம்.

இப்போது அவன் முழங்கைக்கு டெட்டால் போட்டுவிட்டு, சோதனைக் கணினியை முடுக்கி, மின்கட்டணப் புகாருக்குக் காத்திருப்போர் வரிசையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். ‘உங்களுக்கு முன் பன்னிரண்டு பேர்’ என்றாள் பேச்சி. காத்திருந்தார்கள். பேச்சி வாயைத் திறக்கவில்லை. செண்பகவல்லி அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். ‘உங்களுக்கு முன் பன்னிரண்டு பேர்.’ பக்கத்தை முழுதாக மூடித் திறந்தாள். ‘உங்களுக்கு முன் நான்கு பேர்.’

செண்பகவல்லி விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

“இது சோதனையில தெரிஞ்சிருக்கணுமே. துண்டு போட்டியால?”

“போட்டேன்.”

துண்டு போடுவது அவர்களுடைய சட்டம். ஆரம்ப நாட்களில் செண்பகவல்லியின் அண்ணன் சோதனையை வேடிக்கை பார்க்க வருவார். பேச்சி எங்காவது திக்கினால், ‘அந்தப் பொத்தான் வலப்பக்கம் இருக்கு பாரு’ என்று தன்னையறியாமல் உதவிவிடுவார். பேச்சியின் குறை தெரியாமலே போய்விடும். ஒருநாள் எரிச்சலில் அவள் குளித்துவிட்டு வந்த துண்டையே திரைமேல் வீசினாள். அன்றிலிருந்து எந்தப் பதிப்பானாலும், திரைமேல் துண்டு போட்டு, காதால் மட்டுமே எல்லா வேலைகளையும் ஒருவர் செய்து முடித்தால்தான் வெளியே போகும்.

“உண்மையச் சொல்லு.”

“ஏட்டி, கர்த்தர் மேல ஆணையாப் போட்டேன். திரைய முழுசா மூடித்தான் பாத்தேன். இதே வரிசைப் பக்கமும் பாத்தேன். ஒம்பது, எட்டு, ஏழுன்னு அது பாட்டுக்கு வந்துச்சு.”

“வந்துச்சுன்னா? பேச்சி சொன்னாளா?”

“சொன்னா... சொல்லியிருப்பா.”

“காதுல கேட்டியா, கண்ணுல பாத்தியா?”

“ரெண்டும்... தெரியலட்டி. எழுத்து தெரிஞ்சுதுல்லா. கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.”

“துண்டு போட்ட திரையில எழுத்து தெரிஞ்சுதா?”

“தெரியாம? முன்னால ஆள் மறைச்சு நின்னாலும் பஸ் நம்பர் தெரியத்தான செய்யுது. எழுத்துன்னா அப்படித்தான் இருக்கும்.”

பானையை வைத்தால் பின்னால் உள்ள சொம்பு மறையும், கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆள் தெரியமாட்டார் என்றெல்லாம் பயிற்சியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுத்தும் மறையும் என்று யாரும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து எழுத்தையே பார்த்திராத ஒருவனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செண்பகவல்லிக்கும் எழுத்து எப்படித் தெரியும் என்று தெரியாது. ஆனால் துண்டு எதற்கு என்று தெரியும்.

“துண்டு போட்ட பொறகு எங்கண்ணன் ஒரு நாளும் வாயே தொறக்கலியே எபி,” என்றாள் மெதுவாக. “அவ்வொளுக்குத் தெரியாத எழுத்து ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

எபநேசர் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். 

மாடிக்கு மேலே காற்றைக் கிழிக்கும் ரீங்காரம் கேட்டது. தும்பி. பணக்கார நிறுவனங்கள் வைத்திருக்கும், ஓட்டுநர் இல்லாமல் பறக்கும் வண்டி. எதிர்வீட்டு வேப்பமரம் சலசலவென்று இரைந்தது. பக்கத்துக் காலி மனையில் அது இறங்க, குதிகால் செருப்பு ஒன்று வேகமாக நடந்து வந்தது. வளைந்த கம்பிக் கதவைத் தாண்டியது. படியேறியது.

“ரெண்டாவது படி ஆடும்,” என்று உள்ளிருந்தே எச்சரித்தாள் செண்பகவல்லி.

“தெரியும் மேடம்,” என்றது ஒரு பெண்குரல்.

தன் பெயர் சம்யுக்தா என்றும், கதிர்விழி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் என்றும் சொல்லிக்கொண்டாள். சென்னைப் பேச்சு. மூச்சு வாங்கினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சுத்தி வளைக்க நேரமில்ல மேடம். கதிர்விழி எழுத்தைப் படிக்கிறதே இல்ல. அந்தப் புள்ளிகள வச்சு எழுத்தைப் படிக்க முடியாது. பலகைகிட்ட ‘உன் மேல என்ன எழுதியிருக்கு’ன்னு கேட்டு வாங்கி, அதைக் கண்ணுக்குள்ள வரைஞ்சு காட்டுறோம். அப்படிக் கேட்டு வாங்குறது உங்க பேச்சிதான்.”

எபநேசரின் நாற்காலி கிறீச்சிட்டது.

“அப்ப இத்தன வருஷமா நான் படிச்சது?” என்றான்.

“பேச்சி படிச்சது சார். குரல மட்டும் நிறுத்திட்டோம்.”

யாரிடமும் கேட்க வேண்டாம் என்ற விதியை எழுதியது செண்பகவல்லியே. அதனால் கோபப்படவும் வழியில்லை. பேச்சியின் புதுப் பதிப்பு வந்த சில நாளில் அது தானாகவே எல்லாக் கதிர்விழிகளுக்குள்ளும் போய்விடும் என்றாள் சம்யுக்தா. இந்த முறை போனது இன்று விடியற்காலை. எபநேசர் சோதித்தபோது அவன் கண்ணுக்குள் இருந்தது பழைய பேச்சி. பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. பலகைகளின் அடித்தளமும் இன்று மாறிவிட்டதால் பழைய பேச்சி வாயே திறக்கமாட்டாள், எல்லாக் கண்ணிலும் எழுத்து மொத்தமாக அணைந்துபோகும். மருந்து அளவு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சமையல் வாயு அடுப்பு எரிகிறதா என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உடனே சரிசெய்யாவிட்டால் யாராவது சாவார்கள்.

“ஒங்ககிட்ட ஆளா இல்ல?” என்று கேட்டான் எபநேசர்.

ஒரு கட்டடம் நிறைய ஆள் இருந்தார்கள். கதிர்விழி வைத்தவர்களைச் சோதிக்க உட்காரவைத்தால், கெட்டுப்போன பேச்சி காட்டுவதைக் கெட்டுப்போன பேச்சியை வைத்தே சரிபார்த்து, எல்லாம் சரி என்கிறார்கள். சொந்தக் கண் உள்ளவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குத் திரையின் அமைப்பு மனப்பாடம். காதில் விழாததையும் விழுந்ததாக நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள்.

“பார்வையே இல்லாம, பேச்சிக்குள்ள கை வைக்கத் தெரிஞ்ச ஆள்னு இப்ப உலகத்துல...” சம்யுக்தா முடிக்கவில்லை.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

செண்பகவல்லி எழுந்து நின்றாள். ஆட்டோவில் புதிய பேருந்து நிலையம், அங்கிருந்து மதுரை, மாட்டுத்தாவணியிலிருந்து மையம். இப்போது கிளம்பினால் இரண்டு மணிக்குப் போய்ச் சேரலாம். பேச்சிக்குள் எங்கே கோளாறு என்று தேடித் திருத்திச் சோதித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

“எனக்கு இன்னைக்கு ஒரு வேல...” என்று தொடங்கினாள்.

“ரெண்டு மணிக்கு டெஸ்ட். தெரியும் மேடம். மையத்துல நான் பேசிப் பாக்கறேன்.”

அந்தச் சோதனையைப் பற்றிச் செண்பகவல்லி எபநேசரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மூன்றாவது முறையும் இல்லை என்று வந்தால் அவன் குரலில் இரக்கம் கேட்கும் என்று பயந்தாள். இவளுக்கு எப்படித் தெரியும்? நிறுவனத்தின் ஆள், தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. எபநேசரின் முழங்கையிலிருந்து டெட்டால் வாடை வந்துகொண்டிருந்தது. ரயில்வே கேட்டில் பின்னால் நின்றவர்கள் கத்தாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாள்.

வாசலுக்குப் போய் ஆட்டோக்காரரைப் போகச் சொன்னாள். காலையிலிருந்து இரண்டு சவாரியை விட்டுவிட்டு வந்ததாக அவர் சலித்துக்கொண்டார். அவளும் விட்டுவிட்டதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் சவாரியை அல்ல.

தன் சொந்தக் கணினி முன்னால் உட்கார்ந்து பழைய பேச்சியின் வேகத்தைக் கூட்டினாள். அவள் வேலை செய்யும் வேகத்தில் பேச்சியின் குரல் சொற்களாகக் கேட்காது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலக் கேட்கும். ஒரு காலத்தில் எபநேசர் இதைவிட வேகமாகக் கேட்பான், நடுவில் கிண்டல் வேறு அடிப்பான்.

“ஒண்ணும் புரியலட்டி,” என்றான் இப்போது. 

மணிக்கணக்கில் தேடினாள். பல்லாயிரம் வரிகள். அவள் எழுதியது, அந்தோணிமுத்து எழுதியது, முகம் தெரியாத நூறு பேர் எழுதிவிட்டுப் போனது. சம்யுக்தாவின் செல்பேசி ஓயாமல் அதிர்ந்தது. விருதுநகரில் ஒரு பள்ளி வேன். கோவையில் மாடிப்படி என்று நினைத்து ஒருவர். ஒவ்வொரு அழைப்புக்கும் சம்யுக்தா வெளியே போய் அடங்கிய குரலில் பேசிவிட்டு வந்தாள். செண்பகவல்லி ஒரு முறைகூட நேரம் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் மதுரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனசு கணக்குப் போடும்.

கடைசியில் அது ரொம்பச் சின்ன இடத்தில் இருந்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அறுக்கக் கூடாது என்பதற்காக, ஒரு வரியை ஏற்கெனவே படித்தாயிற்றா என்று பேச்சி பார்ப்பாள். முன்பு வரியில் உள்ள எழுத்துகளை ஒப்பிடுவாள். வேகத்துக்காக அந்த அன்பர் செய்த திருத்தம், வரி இருக்கும் இடத்தை மட்டும் ஒப்பிட்டது. இடம் மாறாமல் எழுத்து மட்டும் மாறினால், ‘இதைத்தான் சொல்லியாயிற்றே’ என்று பேச்சி சும்மா இருந்துவிடுவாள்.

திருத்தினாள். 

“சோதிக்கணும்,” என்றாள். “நான் எழுதுனத நானே சோதிச்சா நம்ப முடியாது. ரெண்டாவது காது வேணும்.”

எபநேசர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “துண்டு பத்தாதுல்லா எனக்கு,” என்றான். காதுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பொத்தானைத் தேடினான். கதிர்விழியைப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து அவன் விழித்திருக்கும்போது அணைத்ததே இல்லை. டக்கென்று ஒரு ஒலி. உடனே அவன் கை காற்றில் துழாவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

“பயமா இருக்குட்டி.”

“நான் இங்கதாம்ல இருக்கேன். எப்பவும் இங்கதான இருக்கேன்.”

பேச்சியின் வேகத்தைப் பாதியாக்கினாள், பிறகு அதிலும் பாதியாக்கினாள். எபநேசர் தட்டுத்தடுமாறி ஒவ்வொரு வேலையாகச் செய்தான். ஒவ்வொரு முறையும், “இது நெசமாக் கேட்டது,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டே அடுத்ததற்குப் போனான். வரிசைப் பக்கம் வந்தது. ‘உங்களுக்கு முன் ஆறு பேர்.’ காத்திருந்தார்கள். ‘உங்களுக்கு முன் ஐந்து பேர்.’

“கேட்டேன்,” என்றான் எபநேசர். “காதால கேட்டேன்.”

வெளியிட்டார்கள். சம்யுக்தா தன் ஆட்களுக்குச் சொல்ல, புதுப் பேச்சி கண் கண்ணாகப் போய்ச் சேரத் தொடங்கியது. சிறிது நேரத்தில் செல்பேசியின் அதிர்வு நின்றுபோனது. காலையிலிருந்து முதல் முறையாக வேப்பமரத்துக் காகங்களின் சத்தம் கேட்டது. எபநேசர் கண்ணை முடுக்கிக்கொண்டு, உடைந்த கதவின் பலகை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாக வாசலுக்குப் போனான்.

செண்பகவல்லி உள்ளே போய்த் தேநீர் போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். ஒன்றை நீட்டினாள். சம்யுக்தா வாங்கிக்கொண்டாள். அவள் குடிக்கும் ஓசை கேட்கவில்லை.

“மணி ரெண்டு ஆயிருக்குமே,” என்றாள் செண்பகவல்லி.

“மூணரை மேடம்.”

“சரி.” அவள் தன் டம்ளரை உள்ளங்கைகளுக்குள் உருட்டினாள். மாடிப்படி என்று நினைத்துக் கால் வைத்த கோவைக்காரர் என்ன ஆனார் என்று கேட்டாள். உயிருக்கு ஆபத்தில்லை என்றாள் சம்யுக்தா.  மையத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னதைப் பற்றி அவளாகப் பேச்செடுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் குற்றவுணர்ச்சி எதற்கு என்று செண்பகவல்லிக்குப் பாவமாக இருந்தது. வந்த விருந்தாளியைத் தேற்றுகிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“போகட்டும், விடுங்க. போயிருந்தாலும் அதே பதிலத்தான் சொல்லியிருப்பாவ. என் நரம்பு கெட்டுக் கெடக்கதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு, என்ன? இல்லன்னா இன்னைக்கு ஒங்களுக்கு யாரு இருப்பா?”

டம்ளர் மேசைமேல் வைக்கப்படும் ஓசை கேட்டது.  வாசலில் எபநேசர் சந்தோஷமாக எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

“உங்க நரம்புல எந்தக் குறையும் இல்ல மேடம்,” என்றாள் சம்யுக்தா. “இருந்திருந்தா, உங்களுக்கும் பார்வை வந்து பேச்சிய விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு நாங்க இத்தன வருஷம் பயந்துகிட்டே இருந்திருக்க மாட்டோம்.”